நூற்று இருபத்திரண்டு கோடுகள்

நான் துளசிங்கம் ஐயாவுக்குக் கொடுக்க வேண்டியது முப்பத்தோராயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய். அந்த வருடம் ஆடி மாதம் முதல் திங்கட்கிழமை வரைக்கும் அதுதான் பாக்கி.

வாங்கியது அறுபதாயிரத்து இருநூறு. என் மனைவி தேசம்மாளுக்குக் கர்ப்பப்பையை உடனே எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன அன்றைக்கு அவருக்குப் போன் போட்டேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "எந்த ஆஸ்பத்திரிடா?" அரைமணி நேரத்தில் பணத்தோடு அவரே வந்து நின்றார். அறுபதாயிரம் வைத்தியத்துக்கு. இருநூறு நான் வந்த ஆட்டோவுக்கு. வட்டி கிடையாது. ஏரி மதகுக்கு அடியில் அவருக்கு இரண்டரை ஏக்கர். அதில் நான் வேலை செய்ய வேண்டும். நாள் கூலி எழுநூறு. பாதி என் கையில், பாதி கடனில் கழியும். வேலை செய்த நாளுக்கு அவருடைய கூலி நோட்டில் ஒரு கோடு. மாதக் கடைசியில் கோடுகளை எண்ணிக் கழிப்பார்.

இந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. தேசம்மாள் உயிரோடு இருக்கிறாள். தினமும் என்னைத் திட்டுகிறாள். அதற்கு மேல் என்ன வேண்டும்.

எங்கள் தாழம்பேட்டில் அப்போது டேட்டா சென்டர் வரப் போகிறது என்று பேச்சு. ஊரில் அதற்கு டேட்டா கொட்டாய் என்று பேர் வைத்துவிட்டார்கள். உலகத்தில் இருக்கிறவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிற இயந்திரங்கள் அதற்குள் வரிசையாக நிற்குமாம். அவை சூடாகாமல் இருக்க நாளைக்கு இருபது லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டுமாம். ஏரிக்குக் கீழே நூற்றெண்பது ஏக்கர் எடுப்பார்கள். ஏக்கருக்கு எழுபது லட்சம். பட்டா உள்ள முப்பத்தெட்டு வீட்டுக்கு அந்தப் பணம். பட்டா இல்லாத நூறு வீட்டுக்கு ஒரு பை அரிசியும் ஒரு பயிற்சிச் சான்றிதழும்.

துளசிங்கம் ஐயாவின் மகன்கள் இரண்டு பேரும் வெளிநாட்டில். அவர்கள் சொன்னபடி அவர் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். கம்பெனியின் தண்ணீர்க் குழாய் அவருடைய நிலத்து வழியாகத்தான் போக வேண்டும். வேறு வழி கிடையாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த நிலம் போனால் எனக்கு வேலை இல்லை. இதற்கு முன்னால் ஒரு ஊரில் இருந்தேன். அதை ரோட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு தடவை மூட்டை கட்ட எனக்குத் தெம்பு இல்லை.

எதிர்ப்புச் சொல்ல வேண்டுமானால் கைமனு போட வேண்டும். கைமனு என்றால் என்ன என்று எனக்குச் சொன்னவள் எஸ்தர். நூறு நாள் வேலையில் எங்களுக்கு வருகை எடுக்கிற பெண். எனக்கு நாற்பத்தாறு வயதில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். சாப்பாட்டு நேரத்தில் வருகைப் பட்டியலை முன்னால் வைத்து, "இது உங்க பேரு, இது சின்னபாப்பா பேரு. ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கிற எழுத்த காட்டுங்க" என்று ஆரம்பித்தாள். எண்பத்தேழு பேருடைய பேரும் படித்து முடித்தபோது எனக்குத் தமிழ் எழுத்து ஏறக்குறைய எல்லாம் வந்திருந்தது.

"முன்ன எல்லாம் போன்ல பேசினாலே அது மனு எழுதிக் குடுத்துடும் அண்ணா" என்றாள் எஸ்தர். "ஒரு ஊர்லேந்து பத்து லட்சம் மனு போச்சு. ஊர்ல இருக்கிறது ஆயிரம் பேரு. கம்பெனிக்காரனும் ஆதரவா பத்து லட்சம் அனுப்பினான். எல்லாமே மெசினு எழுதினது. அதனால இப்ப கையால எழுதினாத்தான் செல்லும்."

"அத யாரு படிப்பா?"

"மெசினுதான்."

"எழுதறதுக்கு மெசின் கூடாது, படிக்கறதுக்கு மட்டும் மெசினா?"

"ஆமா. காசு வாங்காம படிக்கிற ஆளு வேற கெடைக்கலயாம்."

ஆடி முதல் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கூட்டம். வி.ஏ.ஓ. பால் கேன் அளவில் ஒரு சாம்பல் நிறப் பெட்டியைக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தார். அதற்கு ஒரு கண், ஒரு குரல், தாள் வைக்க ஒரு தட்டு. சர்க்கார் வைத்த பேர் ஏதோ நீளமாக இருந்தது. ஊர்க்காரர்கள் கேட்பான் என்று சுருக்கிவிட்டார்கள்.

கூட்டத்துக்கு முன்னால் இரண்டு நாள் ஊரே எழுதியது. ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் பரசுராமன் கரும்பலகையில் ஒரு மனு எழுதிப் போட்டிருந்தார். 'மேலான சமூகத்திற்கு, தாழம்பேடு கிராமப் பொதுமக்களாகிய நாங்கள் தாழ்மையுடன் சமர்ப்பித்துக்கொள்வது யாதெனில்' என்று தொடங்கும். காலேஜ் படித்த பிள்ளைகள்கூட பேனா பிடித்துப் பழக்கமில்லாமல், கோலத்துக்குப் புள்ளி பார்க்கிற மாதிரி பலகையைப் பார்த்துப் பார்த்து எழுத்தை வரைந்தார்கள். ஒரு எழுத்து மாறினாலும் வாத்தியார் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதச் சொன்னார். மனு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நாங்கள் எல்லாருமே நம்பினோம்.

நான் ஏர் ஓட்டிவிட்டுக் கால் கழுவிக்கொண்டு போவதற்குள் பலகையை அழித்துவிட்டு அஞ்சாங்கிளாசுக்கு வகுத்தல் கணக்குப் போட்டிருந்தார்கள். பார்த்து எழுத ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுத்தேன்.

கேட்பான் எல்லாத் தாளையும் இழுத்துப் பார்த்தது. பிறகு பேசியது.

"இருநூற்றுப் பதின்மூன்று தாள்கள் வந்துள்ளன. மனுக்கள் இரண்டு."

வாத்தியார் எழுந்துவிட்டார். "என்ன சொல்கிறாய்? இருநூத்திப் பன்னிரண்டு பேர் கைவலிக்க எழுதியிருக்காங்க!"

"கைகள் இருநூற்றுப் பன்னிரண்டு, ஐயா. வாசகம் ஒன்று. ஒரே வாசகத்தை எத்தனை பேர் எழுதினாலும் ஒரே மனுவாகத்தான் எண்ண முடியும். பிழையே இல்லாமல் எழுதியிருக்கிறார்கள்."

பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். "வாத்தியாரே, மார்க்கு நூத்துக்கு நூறு. ஊருதான் பெயிலு."

சிரிப்பு அடங்கும்வரை கேட்பான் காத்திருந்தது. அப்புறம், "இரண்டாவது மனுவைப் படிக்கிறேன்" என்றது.

"'ஐயா. என் பேர் கன்னியப்பன். எனக்கு நிலம் இல்லை. துளசிங்கம் ஐயாவுக்கு 31850 கடன். என் பெண்சாதி பிழைத்தது அந்தப் பணத்தில். அவர் நிலத்தில் வேலை செய்து கழிக்கிறேன். தினம் 350 கழியும். நிலம் கம்பெனிக்குப் போனால் எதில் வேலை செய்து கழிப்பது. நன்றி கெட்டவன் ஆவேன். இந்த ஏறி தண்ணியில்தான் எல்லாருக்கும் சோறு. ஆகையால் கொட்டாய் வேண்டாம். எழுதச் சொல்லிக்கொடுத்த எஸ்தருக்கு நன்றி.' ஐயா, ஏறி என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே ஏறியா, தண்ணீர் நிற்கும் ஏரியா?"

"தண்ணி நிக்கிறதுதாங்க."

"நன்றி. சில கேள்விகள் கேட்க வேண்டும். இந்தக் கடன் இருக்கும்போது நீங்கள் வேறு இடத்தில் வேலைக்குப் போகலாமா?"

"போலாங்க. வைகாசியில பதினஞ்சு நாளு சென்ட்ரிங் வேலைக்குப் போனேன். ஐயா ஒண்ணும் கேக்கல."

"வட்டி?"

"இல்லீங்க."

"உங்களை யாராவது மிரட்டினார்களா?"

"என் பெண்சாதி மட்டும்தாங்க."

"அப்படியானால் நீங்கள் கொத்தடிமை இல்லை. இது உழைப்புக் கடன். ஒரு நிலத்திலேயே உழைத்துத் தீர்ப்பதாக இருவரும் ஒப்புக்கொண்ட கடன் இருந்தால், அது தீரும்வரை அந்த நிலம் கைமாறக் கூடாது. நிலமாற்றச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு உண்டு. பணமாகவும் தீர்க்கலாம். தள்ளுபடியும் செய்யலாம். ஆனால் எப்படித் தீர்த்தாலும் இருவரும் சம்மதித்துத் தங்கள் கையால் எழுத வேண்டும். அதுவரை துளசிங்கம் அவர்களின் நிலத்தில் வில்லங்கம் இருப்பதாகப் பதிவு செய்கிறேன். கம்பெனிக்கான அனுமதி தை மாதக் கடைசிவரை. அதற்குள் நிலம் கைக்கு வராவிட்டால் அனுமதி காலாவதி."

துளசிங்கம் ஐயா முன்வரிசை நாற்காலியிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

"டேய் கன்னிப்பா. நான் உனக்குப் பணம் குடுத்தது என் நெலத்துல வில்லங்கம் வைக்கிறதுக்காடா?"

எதிர்ப்பு எழுதப் போய், கைகொடுத்த மனுஷன் கழுத்தில் கயிறு போட்டுவிட்டேனே என்று இருந்தது.

வாத்தியார்தான் பேச்சை மாற்றினார். பெட்டியைப் பார்த்துக் கேட்டார். "அந்தக் கொட்டாயில் இருக்கப் போவதெல்லாம் உன் இனம்தானே? நீ எப்படி நடுநிலையாகச் சொல்வாய்?"

"இந்தக் கட்டிடம் வந்தால் எனக்கும் அதில் இடம் உண்டு, ஐயா. எனக்கு இதில் நன்மை இருக்கிறது. அதையும் பதிவு செய்திருக்கிறேன்."

சொந்த நன்மையைத் தானே ஒப்புக்கொண்ட ஒரு ஆபீசரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தனித்தனியாகத் திரும்ப எழுதிக் கொடுக்கப் பத்து நாள் அவகாசம் கிடைத்தது. இந்தத் தடவை யாரும் பலகையைப் பார்க்கவில்லை. அவரவர் பாட்டை அவரவர் எழுதினார்கள். கடன் வாங்கியவர்கள் எல்லாரும் கடனை எழுதினார்கள். எங்கள் ஊரில் பட்டாக்காரரிடம் உழைப்புக் கடன் வைத்திருந்தவர்கள் நாற்பத்து நான்கு பேர். வெட்கப்பட்டு மறைத்து வைத்திருந்தது அத்தனையும் வேலி மாதிரி ஏரியைச் சுற்றி நின்றது.

கம்பெனி அந்த வேலியை ஒவ்வொன்றாகப் பிடுங்கியது. மிருதுளா என்று ஒரு பெண் அதிகாரி, மரியாதையான பெண், வீடு வீடாக வந்தாள். கடனைக் கம்பெனியே பட்டாக்காரருக்குக் கட்டிவிடும். கடன்காரருக்குத் தனியாக ஐம்பதாயிரம். ஆவணி முடிவதற்குள் நாற்பத்து மூன்று பேர் தீர்ந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நாற்பத்து மூன்று வீட்டில் கடன் போயிற்று. அதற்காகக் கம்பெனிக்கும் நான் நன்றி சொல்லத்தான் வேண்டும்.

மிச்சம் இருந்தது நான். மிருதுளா என் வீட்டுக்கும் வந்தாள்.

"அங்கிள், உங்களுக்கு மட்டும் ஒரு லட்சம். கடன் தனி. ஒரு வரி எழுதினாப் போதும்."

"நெலம் போனதும் நான் இன்னாம்மா பண்றது?"

"செக்யூரிட்டி வேலை ட்ரை பண்றேன் அங்கிள். ஆனா வயசு நாப்பதுக்குள்ள இருக்கணும்."

"எனக்கு அம்பத்தொண்ணு."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பொய் சொல்லத் தெரியாத பெண். இந்த வேலையில் எப்படிச் சேர்ந்தாள் என்று தெரியவில்லை.

அவள் போனதும் தேசம்மாள் ஆரம்பித்தாள். "ஒரு லட்சம்யா. கூரைய மாத்தலாம். நீ இன்னாத்துக்கு முட்டிய தேச்சிக்கினு கெடக்கிற?"

"பழைய ஊர்ல குடிசைக்கு எவ்ளோ குடுத்தாங்க?"

"எம்பதாயிரம்."

"எத்தினி நாளு வந்துச்சு?"

அவள் அடுப்பில் விறகைத் தள்ளினாள். பதினான்கு மாதம் வந்தது. அவளுக்கும் ஞாபகம் இருக்கிறது. "கஞ்சி ஆறுது, குடி" என்றாள். அப்புறம் அந்த ஒரு லட்சத்தைப் பற்றி அவள் பேசவில்லை. அதற்கு நான் அவளுக்குக் கடமைப்பட்டவன்.

துளசிங்கம் ஐயா அந்த இரண்டு மாதமும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கோடு மட்டும் தப்பாமல் போட்டார். புரட்டாசியில் நாற்று விட்ட பிறகு ஒருநாள் காலை வரப்பில் வந்து உட்கார்ந்தார்.

"தள்ளுபடின்னு எழுதிடட்டுமாடா? நீயும் ஒரு கையெழுத்துப் போட்டுடு."

"இனாமா வாங்க மாட்டேங்க. வேலை செஞ்சித்தான் தீப்பேன்."

"அவ்ளோ ரோசமா?"

"ரோசம் இல்லீங்க. தள்ளுபடின்னா நெலம் போயிடும். நெலம் போனா நானும் போவணும்."

அவர் நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அதன் நடுவில் கம்பெனி நட்ட சிவப்புக் கொடி ஒன்று காற்றில் படபடத்தது.

"பெரியவன் எனக்கு பிளாட் பாத்திருக்கான். வயசானவங்க மட்டும் இருக்கிற எடமாம். பத்தாவது மாடி. மணியடிச்சா சோறு. வீடியோல காட்டினான். ஒருத்தன் ஜன்னலாண்ட உக்காந்து கீழ போற காரை எண்ணிக்கினு இருக்கான்." எச்சிலைத் துப்பினார். "ஒண்ணே முக்கா கோடிய வாங்கிக்கினு நான் கார் எண்ணப் போவணுமாடா?"

"வேணாம்னு சொல்லிடுங்களேன் ஐயா."

"கையெழுத்துப் போட்டுட்டனே. இனிமே நான் பின்வாங்கினா கேசு." என்னை ஒரு மாதிரி பார்த்தார். "வேற எவனாவது வில்லங்கம் வச்சாத்தான் உண்டு."

அதோடு எழுந்து போய்விட்டார்.

மாதம் ஒரு தடவை, முதல் திங்கட்கிழமை, வி.ஏ.ஓ. பெட்டியைக் கொண்டுவருவார். கூலி நோட்டின் பக்கத்தைத் தட்டில் வைக்க வேண்டும். கேட்பான் பார்த்துவிட்டு, "மீதி இவ்வளவு என்று எழுதியிருக்கிறது. இந்தத் தொகையில் இருவருக்கும் சம்மதமா?" என்று கேட்கும். சம்மதம் என்போம். அவ்வளவுதான்.

ஐப்பசி மாதக் கணக்கு முடிந்தபோது நோட்டை என் கையில் கொடுத்தார். நான் படிப்பேன் என்று அவருக்குத் தெரியும். இருபத்திரண்டு கோடு இருந்தது. கழித்திருந்தது பதினான்கு நாள்.

முதலில் நான் எண்ணியதுதான் தப்பு என்று நினைத்தேன். மறுபடியும் விரல் வைத்து எண்ணினேன். இருபத்திரண்டுதான். எட்டு நாள் காணோம். இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய்.

தலையைத் தூக்கினேன். அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "இந்த வருசம் ஏரி ரொம்பி கடவாசல்ல வழியும்போல கீது" என்றார்.

"ஆமாங்க" என்று சொல்லி நோட்டை மூடிக் கொடுத்தேன்.

படிப்பு வராத காலத்தில் எத்தனை பேர் எத்தனை நோட்டில் என்னென்ன எழுதினார்களோ, எனக்குத் தெரியாது. கூலி குறைத்து எழுதியிருந்ததை என் கண்ணால் படித்தது அதுதான் முதல் தடவை. படித்துவிட்டு எனக்கு வந்தது சந்தோஷம். இதை யாரிடம் போய்ச் சொல்வது.

தேசம்மாளிடம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. அவள் என் கூலியை என்னைவிட நன்றாக எண்ணுவாள்.

"எழுத்து தெரியாம ஏமாந்த, சரி. இப்ப தெரிஞ்சிக்கினு ஏமார்றியா?"

"ஏமாரலடி. அவுரு வேணும்னே வுடறாரு."

"கேட்டியா அவுர?"

"கேட்டா அவுரு சரியா எழுதியாவணும். சரியா எழுதினா மார்கழி பாதியில கடன் தீந்துடும். தையில கம்பெனிக்காரன் வந்து கொழாயப் பதிச்சிட்டுப் போவான்."

அவள் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். "அப்ப மார்கழிக்கி அப்புறம் நீ பாதிக் கூலிய சும்மா வுடற."

"ஆமா."

"நம்ம வீட்டுல எதுவும் சும்மா இல்ல, தெரிஞ்சிக்கோ" என்று சொல்லிவிட்டு, அடுத்த நாளே பக்கத்து ஊரில் களை பறிக்க ஆள் சேர்ந்துபோனாள். வயிற்றில் தையல் போட்ட உடம்பு. குனிந்து நிமிர முடியாது. தை வரைக்கும் போனாள். அந்த மூன்று மாதம் எங்கள் வீட்டில் இரண்டு வேளைதான் உலை வைத்தோம். எனக்கு முட்டி வீங்கியது. கார்த்திகை மழையில் மடை உடைந்து விடிய விடிய மண் கொட்டியதற்கும் ஒரே கோடுதான்.

மார்கழியில் கேட்பான் வந்தபோது எனக்குக் கொஞ்சம் பயம். நோட்டுப் பக்கம் தட்டில் இருந்தது. கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. பக்கத்திலேயே கழித்த நாள். இயந்திரத்துக்கு எண்ணத் தெரியாமல் இருக்குமா? மற்ற மாதங்களைவிட ஒரு மூச்சு அதிகமாக அது பேசாமல் இருந்தது. அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றியதோ என்னவோ.

"இந்தத் தொகையில் இருவருக்கும் சம்மதமா?"

"சம்மதம்" என்றார் அவர்.

"சம்மதங்க" என்றேன்.

"பதிவு செய்கிறேன்."

தை முடிந்தது. அனுமதி காலாவதியானது. மிருதுளா கொடிகளைப் பிடுங்க ஆள் கூட்டிக்கொண்டு வந்தாள். அறுப்புக்குப் பிறகு வாருங்கள், மிதிபடும் என்றேன். சரி என்று திரும்பிப் போனாள். அறுத்து முடித்ததும் வந்தாள். கம்பெனிக்கு வேறு இடம் கிடைத்துவிட்டதாம். எவரும் பயிர் வைக்காத பழைய கல்குவாரி. பள்ளத்தில் இருபது வருட மழைத்தண்ணீர் நிற்கிறதாம்.

"அங்க யாராவது குடியிருக்காங்களாம்மா?"

"இல்ல அங்கிள். நான் நேர்ல போய்ப் பாத்தேன். உங்க மனு படிச்ச பிறகு நான்தான் பாக்கணும்னு சொன்னேன்." பிடுங்கிய கொடிகளைச் சேர்த்துக் கட்டினாள். "எங்களுக்கும் அதான் செலவு கம்மி."

நல்லாயிரு தாயே என்றேன். அவளுக்கு ஒரு படி புதுநெல் அரிசி கட்டிக் கொடுத்தாள் தேசம்மாள்.

கேட்பான் கடைசியாக வந்தது அறுப்புக்கு நடுவில், மாசி முதல் திங்கட்கிழமை. பள்ளிக்கூடத்தில் தேசம்மாள், எஸ்தர் என்று நாங்கள் நான்கைந்து பேர்தான். துளசிங்கம் ஐயா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். நோட்டைத் தட்டில் வைத்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார்.

"மீதி மூவாயிரத்து எண்ணூத்தி அம்பது நிக்குது. அத நான் தள்ளுபடி பண்ணிடறேன். கணக்க முடிச்சிடு."

பெரிய மனசோடுதான் சொன்னார். நோட்டை எட்டிப் பார்த்த எஸ்தர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கணக்கை முடிக்கும்போது நானே எண்ண வேண்டும் என்பது விதி, ஐயா" என்றது கேட்பான். "ஆடி முதல் தை வரை நூற்று இருபத்திரண்டு கோடுகள் இருக்கின்றன. கோட்டுக்கு முந்நூற்று ஐம்பது வீதம் நாற்பத்திரண்டாயிரத்து எழுநூறு. கடன் முப்பத்தோராயிரத்து எண்ணூற்று ஐம்பது. கடன் மார்கழியிலேயே தீர்ந்திருக்கிறது. அதற்கு மேல் முப்பத்தொரு நாளின் பாதிக் கூலி பிடித்தம் ஆகியிருக்கிறது. பத்தாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய் துளசிங்கம் அவர்கள் கன்னியப்பன் அவர்களுக்குத் தர வேண்டும்."

நான் பெட்டிக்குப் பக்கத்தில் போனேன். "உங்களுக்கு முன்னயே தெரியுங்களா?"

"என்னிடம் ஒப்படைத்திருந்த கேள்வி, மீதியில் இருவருக்கும் சம்மதமா என்பது மட்டும். ஒவ்வொரு மாதமும் அதைக் கேட்டேன். நீங்களும் ஒவ்வொரு மாதமும் பதில் சொன்னீர்கள்."

அந்தக் கட்டிடம் வந்திருந்தால் அதற்கும் ஒரு இடம் கிடைத்திருக்கும். அது எனக்கு ஞாபகம் இருந்தது. அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் தலையைத் தடவுகிற மாதிரி அந்தச் சாம்பல் பெட்டியின் மேல் ஒரு தடவை கையை வைத்து எடுத்தேன்.

துளசிங்கம் ஐயா என்னைப் பார்க்கவே இல்லை. சட்டைப் பையைத் தடவினார். "ரெண்டாயிரந்தான்டா வச்சிருக்கேன். அறுப்பு நெல்லு போட்டதும்..." குரல் இறங்கிவிட்டது. நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. இருந்ததை எடுத்து என்னிடம் நீட்டினார்.

நான் தேசம்மாளைத் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பிடித்தத்தை வீட்டில் ஈடுகட்டியது அவள் குனிந்து களை பறித்த காசு.

"இன்னா மூஞ்ச மூஞ்ச பாக்கிற?" என்றாள். "ஒண்ணே முக்கா கோடிய வுட்டுட்டு ஒக்காந்திருக்கிறாரு மனுசன். பத்தாயிரத்துக்கு அவுர நிக்க வைப்பியா? எழுது." அப்புறம் அவரிடம், "நாளையிலேந்து முழுக் கூலிங்க. சாயங்காலமே கையில" என்றாள்.

"குடுத்துடறம்மா" என்றார் அவர்.

வி.ஏ.ஓ. ஒரு தாளைக் கொடுத்தார். கேட்பான் சொல்லச் சொல்ல எழுதவில்லை. எனக்குத் தெரிந்ததை எழுதினேன். நேரம் ஆயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை. 'துளசிங்கம் ஐயா எனக்கு 10850 தர வேண்டும். அதைத் தள்ளிவிட்டேன். மனசோடு எழுதியது. என் பெண்சாதிக்கும் சம்மதம்.'

கீழே இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். கடன் கொடுத்தவர் என்று அச்சடித்திருந்த இடத்தில் நான் என் பேரை எழுதினேன். பேனாவை அவரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடன்பட்டவர் என்ற இடத்தை விரலால் தேடிப் பிடித்து, அதில் துளசிங்கம் என்று முழுப் பேரையும் எழுதினார்.